சென்னையில் அரிய பாலூட்டிகள் வளர்ப்பு: எழும்பூர் முதல் வண்டலூர் வரை

சென்னையில் காட்டு விலங்குகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துப் பராமரிக்கும் வழக்கம் 1855இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கியது. 1861இல் அது சென்ட்ரல் நிலையத்தை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்குக்கும், 1985இல் வண்டலூருக்கும் இடம் மாறியது. இந்தியாவின் மிகப் பழைய பொது மிருகக்காட்சி சாலை இதுவே. தென்சென்னையில், அடையாறுக்கு மேற்கே கிண்டிக் காட்டில் வெளிமான்கள் கூண்டில்லாமலே பெருகியது இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய வரலாறு. ஒரு காலத்தில் எத்தனை விதமான விலங்குகள் கையில் இருக்கின்றன என்பதே மிருகக்காட்சி சாலைக்குப் பெருமை. இன்று எந்த இனத்தின் வம்சம் அற்றுப்போகாமல் அங்கே தழைக்கிறது என்று கேட்கிறோம். சென்னை அந்தக் கேள்விக்கு வந்து சேர ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

தொடக்கம்

எட்வர்ட் பால்ஃபர் மதராஸ் ராணுவத்தின் அறுவை மருத்துவர். 1851இல் மதராஸ் அருங்காட்சியகம் தொடங்கப்பட்டபோது அதன் பொறுப்பை ஏற்றார். பாடம் செய்த விலங்குகளையும் பாறை மாதிரிகளையும் பார்க்க வந்தவர்களைவிட, அங்கே வைத்திருந்த உயிருள்ள புலிக்குட்டியைப் பார்க்கவே கூட்டம் கூடுவதை அவர் கவனித்தார். சேப்பாக்கம் அரண்மனையோடு அவருக்கு அலுவல் தொடர்பும் உண்டு. கர்நாடக நவாபிடம் பேசி, அவர் வளர்த்துவந்த விலங்குகளை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கச் செய்தார். மதராஸ் மிருகக்காட்சி சாலைக்கு வித்தாக அமைந்தது அந்தத் தொகுப்புதான். ஓராண்டுக்குள் பாலூட்டிகள், பறவைகள், ஊர்வன எல்லாம் சேர்ந்து 300க்கு மேல் ஆகிவிட்டன.

அத்தனை உயிர்களை அருங்காட்சியக வளாகம் தாங்கவில்லை. விலங்குகள் மாநகராட்சியின் பொறுப்புக்கு மாற்றப்பட்டு, ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் முயற்சியால் உருவான 116 ஏக்கர் பீப்பிள்ஸ் பார்க்குக்குக் கொண்டுபோகப்பட்டன. அனுமதி இலவசம். எழும்பூரில் இருந்தது ‘செத்த காலேஜ்’, பார்க்கில் இருந்தது ‘உயிர் காலேஜ்’ என்று பட்டணத்து மக்கள் பெயர் வைத்தார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இரண்டையும் பார்க்காமல் ஊர் திரும்பியதில்லை.

நூறாண்டுக்கும் மேலாகப் பல தலைமுறைக் குழந்தைகள் புலியையும் சிங்கத்தையும் முதன்முதலாகக் கண்டது அங்கேதான். அந்தச் சேவையைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் விலங்குகளின் பக்கம் நின்று பார்த்தால் சங்கடமான காலம் அது. உலகம் முழுவதும் அன்றைய முறை ஒன்றுதான்: காட்டில் பிடிப்பது, கம்பிக் கூண்டில் வைப்பது, இறந்தால் இன்னொன்றைப் பிடிப்பது. குட்டி பிறந்தால் அதிர்ஷ்டம். யாருக்கு யார் தாய், யார் தந்தை என்று எழுதிவைத்து இணை சேர்க்கும் வழக்கம் பரவலாக வேரூன்றியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். இதற்கிடையில் பீப்பிள்ஸ் பார்க்கின் நிலமும் கரைந்துகொண்டே வந்தது. விக்டோரியா பப்ளிக் ஹால், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை எல்லாம் அந்த நிலத்தில் எழுந்தவை.

கிண்டி

கிண்டியில் ஆளுநர் மாளிகையைச் சுற்றியிருந்த காடு 1910இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. அப்போது அதன் பரப்பு சுமார் 505 ஹெக்டேர். அங்குள்ள வெளிமான்கள் 1924 வாக்கில் ஆளுநர் வில்லிங்டன் பிரபு காலத்தில் கொண்டுவந்து விடப்பட்டவை என்பது பொதுவான கருத்து. 1948 முதல் 1952 வரை மதராஸ் ஆளுநராக இருந்த பாவ்நகர் மகாராஜா கிருஷ்ணகுமாரசிங்ஜி, வெள்ளை நிற வெளிமான்கள் சிலவற்றைக் கொண்டுவந்து விட்டார்.

1950களின் இறுதியிலிருந்து காடு துண்டுதுண்டானது. சிறுவர் பூங்காவுக்கு ஒரு பகுதி, ஐ.ஐ.டி.க்குப் பெரும்பகுதி, தலைவர்களின் நினைவிடங்களுக்கு இன்னொரு பகுதி போக, 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது எஞ்சியது 270 ஹெக்டேர் சொச்சம். வெளிமான் புல்வெளி விலங்கு. எதிரி வருவதைத் தொலைவிலேயே பார்த்து ஓடித் தப்பிக்கும் உடலமைப்பு அதற்கு. மரம் அடர்ந்து, சீமைக் கருவேலம் மண்டினால் அதற்கு அந்த இடம் ஆகாது. புள்ளிமானுக்கோ நிழலும் புதரும் பிடிக்கும். ஆகவே அது பெருகி, வெளிமான் ஒடுங்கியது. ஆளுநர் மாளிகையின் பழைய போலோ மைதானமும் ஐ.ஐ.டி.யின் திறந்த வெளிகளும்தான் அதற்கு மிஞ்சிய புகலிடம். தெருநாய்கள் அங்கேயும் துரத்துகின்றன. மரம் நடுவது எல்லா உயிருக்கும் நல்லது என்று நினைக்கிறவர்கள் கிண்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

சட்டம் மாறியது

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விலங்குகளைப் பிடிப்பதற்குக் கடிவாளம் போட்டது. 1976இல் இந்தியா, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையில் சேர்ந்தது. 1991இல் வனவிலங்குச் சட்டம் திருத்தப்பட்டு, மறு ஆண்டு மத்திய மிருகக்காட்சி சாலை ஆணையம் அமைந்தது. அதற்குப் பிறகு அங்கீகாரம் இல்லாமல் யாரும் மிருகக்காட்சி சாலை நடத்த முடியாது. அரிய விலங்கை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பரிமாற்றம் செய்யவும் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். திட்டமிட்ட இனப்பெருக்கத்துக்காக 70க்கு மேற்பட்ட இனங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மிருகக்காட்சி சாலையை ஒருங்கிணைப்பாளராக ஆணையம் நியமித்தது. சிங்கவால் குரங்கும் நீலகிரிக் கருமந்தியும் சென்னையின் பொறுப்பில் வந்தன.

வண்டலூர்

நகரின் இரைச்சலும் புகையும் இடநெருக்கடியும் தாங்காமல், பீப்பிள்ஸ் பார்க்கிலிருந்து விலங்குகளை வெளியேற்ற 1970களின் நடுவில் முடிவானது. வண்டலூர் காப்புக்காட்டில் 510 ஹெக்டேர் ஒதுக்கி, 1979இல் வேலை தொடங்கினார்கள். 1985 ஜூலை 24 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைத் திறந்துவைத்தார். 2001இல் மீட்பு, மறுவாழ்வு மையத்துக்காக மேலும் நிலம் சேர்ந்து, பரப்பு 602 ஹெக்டேரானது.

கம்பிக்குப் பதிலாக அகழி என்பது வண்டலூரின் அடிப்படை அமைப்பு. பார்வையாளருக்கும் விலங்குக்கும் நடுவே நீர் அகழியோ உலர்ந்த பள்ளமோ இருக்கும். உள்ளே மரங்களும் நிழலும், பின்புறம் இரவில் அடைக்கும் அறைகளும் உண்டு. இது கண்ணுக்கு அழகுக்காக மட்டும் செய்ததல்ல. மனிதர் கண்ணில் படாமல் ஒதுங்க இடமில்லாத விலங்கு பெரும்பாலும் இணை சேர்வதில்லை. சேர்ந்து ஈன்றாலும் பதற்றத்தில் குட்டியைக் கைவிட்டுவிடும். அதனால் இனப்பெருக்கத்துக்கென வைத்திருக்கும் குழுக்களைப் பார்வையாளர் நடமாடும் பாதையிலிருந்து தள்ளி வைப்பதே நல்ல நடைமுறை.

சோலைமந்தி

சிங்கவால் குரங்கை மலையோர மக்கள் சோலைமந்தி என்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் இது கிடையாது. உடல் கறுப்பு, முகத்தைச் சுற்றி வெண்சாம்பல் பிடரி, வால் நுனியில் குஞ்சம். மரத்தைவிட்டு இறங்குவதே அரிது. வெடிப்பலா பழுக்கும் காலத்தில் அந்த மரங்களைச் சுற்றியே இதன் நாள் கழியும். தேயிலைக்கும் காப்பிக்கும் அணைக்கும் காடு வெட்டப்பட்டபோது, சோலைகள் தனித்தனித் தீவுகளாயின. ஒரு சோலையிலிருந்து அடுத்த சோலைக்குப் போக இதற்குக் கிளை இல்லாமல் போயிற்று. வேட்டை வேறு. கருங்குரங்கு லேகியம் என்ற பெயரில் நீலகிரிக் கருமந்தியைக் கொன்று குவித்தவர்கள், கறுப்பாக இருந்த காரணத்தாலேயே இதையும் விட்டுவைக்கவில்லை.

1970களில் நடந்த கள ஆய்வுகள் காட்டில் ஆயிரத்துக்கும் குறைவாகவே மிஞ்சியிருப்பதாக மதிப்பிட்டன. அதன் விளைவாக 1976இல் தமிழ்நாட்டில் களக்காடு சரணாலயம் இந்தக் குரங்குக்காகவே அறிவிக்கப்பட்டது. கேரளத்தில் அமைதிப் பள்ளத்தாக்கு அணைக்கு எதிரான போராட்டத்தின் முகமாகவும் இதுவே நின்றது. அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. பிற்பாடு விரிவாகக் கணக்கெடுத்ததில் 3,500 முதல் 4,000 வரை இருக்கலாம் என்று தெரியவந்தது. இன்னும் இது அழியும் நிலையிலுள்ள இனம்தான்.

இதன் இனப்பெருக்கம் மிக மெதுவானது. பெண் குரங்கு முதல் குட்டி ஈனும்போது வயது ஐந்தாவது ஆகியிருக்கும். கருக்காலம் ஏறக்குறைய 170 நாள், ஒரு முறைக்கு ஒரே குட்டி, அடுத்த குட்டிக்கு இரண்டு, மூன்று ஆண்டுகூட ஆகலாம். குட்டி பிறக்கும்போது பிடரி இருக்காது. இளஞ்சிவப்பு முகத்தோடு தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொண்டே திரியும். சில வாரங்களில் முகம் கறுத்து, ஓரத்தில் வெண்மயிர் எட்டிப் பார்க்கும். குழுவில் வளர்ந்த பெண்தான் மற்றத் தாய்கள் குட்டியை ஏந்துவதைப் பார்த்துப் பழகும். தனிக்கூண்டில் வளர்ந்ததற்குத் தன் குட்டியை எப்படிப் பிடிப்பது என்றே தெரியாமல் போகலாம். ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் அடைத்துவைத்தால் வம்சம் விருத்தியாகிவிடும் என்ற பழைய கணக்கு இந்த இனத்திடம் செல்லாது. குடும்பமாக வைத்தால்தான் குடும்பம் தொடரும்.

1980களின் தொடக்கத்தில் இந்த நாட்டுக் குரங்கு இங்குள்ளதைவிட மேலைநாட்டு மிருகக்காட்சி சாலைகளில்தான் அதிகம் இருந்தது. 1982இல் அமெரிக்காவின் பால்டிமோரில் இதற்கென முதல் பன்னாட்டுக் கருத்தரங்கு கூடியது. ஒவ்வொரு விலங்கின் பெற்றோர், பிறந்த நாள், இடமாற்றம் எல்லாம் பதியும் வம்சாவளிப் பதிவேடு அந்த முயற்சிகளால் வலுப்பட்டது. 1993 அக்டோபரில், இந்தக் குரங்கு இனமும் அதன் காடும் நிலைத்திருக்குமா என்று மதிப்பிடும் பயிலரங்கு வண்டலூரிலேயே நடந்தது. இங்குள்ள குழுக்கள் ஒரு தனி ஊரின் காட்சிப்பொருளாக இல்லாமல், நாடு தழுவிய ஒரே வம்சத்தின் கிளைகளாகப் பார்க்கப்படத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். வண்டலூர் தன் 40 ஆண்டில் செய்த காரியங்களில் தலையாயது இது என்பது என் முடிவு.

வெள்ளைப் புலி

கூட்டம் மொய்ப்பது என்னவோ வெள்ளைப் புலியிடம். தில்லி மிருகக்காட்சி சாலையிலிருந்து வந்த வெள்ளைப் புலிகள் வண்டலூரில் குட்டிகள் ஈன்றிருக்கின்றன. ஆனால் வெள்ளைப் புலி தனி இனம் இல்லை. வங்கப் புலியின் நிறமாற்றமே. 1951இல் ரேவா மகாராஜா பிடித்த மோகன் என்ற ஆண்குட்டியை, வளர்ந்தபின் சாதாரணப் பெண்புலியோடு சேர்த்தபோது வெள்ளைக் குட்டி பிறக்கவில்லை. அதன் மகளான ராதாவோடு சேர்த்தபோதுதான் 1958இல் பிறந்தன. நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்த்து இந்த நிறத்தைத் தக்கவைத்ததால், மாறுகண் முதலான குறைபாடுகளும் கூடவே வந்தன. அரிதாகத் தெரிவதும் அரிய இனமும் ஒன்றல்ல. வெள்ளைப் புலிக்குச் செலவாகும் இடமும் உழைப்பும் காட்டுப் புலியின் எதிர்காலத்துக்கு எதையும் சேர்ப்பதில்லை.

நோயும் நெருக்கடியும்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வண்டலூரின் மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்து, பூங்காவைப் பல வாரம் மூடவைத்தது. 2021 ஜூனில் அங்கிருந்த சிங்கங்களுக்குக் கொரோனா தொற்றியது. நீலா என்ற பெண்சிங்கம் ஜூன் 3 அன்றும், பத்மநாதன் என்ற ஆண்சிங்கம் ஜூன் 16 அன்றும் இறந்தன. மாதிரிகளைப் போபால் ஆய்வகத்தில் பரிசோதித்ததில் டெல்டா திரிபு உறுதியானது. ஓர் இனத்தின் வளர்ப்பு விலங்குகள் அத்தனையையும் ஒரே ஊரில் வைப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இந்த இரண்டு நிகழ்ச்சிகளே போதும். இனப்பெருக்கத் திட்டத்தில் பங்கேற்கும் ஊர்களுக்கிடையே குழுக்களைப் பிரித்து வைப்பது இதனால்தான்.

நகரமும் துரத்தி வந்துவிட்டது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் திறந்த பேருந்து முனையம் பூங்காவுக்கு வெகு அருகில் இருக்கிறது, ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சலும் கூடிக்கொண்டே போகிறது. பீப்பிள்ஸ் பார்க்கைவிட்டு எதற்காக வெளியேறினோமோ அதே நெருக்கடி சுற்றிவளைக்கிறது. மூன்றாம் முறை இடம் பெயர இனி இப்படியொரு காடு சென்னையின் பக்கத்தில் கிடைக்காது. பூங்காவை ஒட்டிய நிலத்தில் கட்டடம் எழுவதைக் கட்டுப்படுத்துவது அரசு உடனே செய்ய வேண்டிய வேலை.

மாம்பலத்தில் செங்கல்பட்டு ரயில் ஏறினால் நேரே வண்டலூரில் இறங்கலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. போகிறவர்கள் வெள்ளைப் புலியோடு திரும்பிவிடாமல், சிங்கவால் குரங்குகளின் அகழி ஓரத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கூச்சல் போடாதீர்கள், தின்பண்டம் எதையும் வீசாதீர்கள்.