சட்டைப் பைக்குள் படம் வந்த கதை

கையோடு எடுத்துப் போகும் டிவி முதலில் வந்துவிட்டது. கையோடு எடுத்துப் போகும் படம் வர இன்னும் ஆறு வருடம் பிடித்தது.

1982-இல் சோனி நிறுவனம் ‘வாட்ச்மேன்’ என்ற கறுப்பு வெள்ளைப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டு அங்குலத் திரை. உள்ளே இருந்தது அதே பழைய பிக்சர் டியூப்தான். எலெக்ட்ரான் துப்பாக்கியைத் திரைக்குப் பின்னால் நீட்டாமல் கீழே இறக்கிவைத்து, டியூபைத் தட்டையாக்கியிருந்தார்கள். கெட்டிக்கார வேலைதான். ஆனால் பெட்டி நம் கையில் இருந்தாலும் படம் நிலையத்தின் கையில் இருந்தது. அவர்கள் ஒளிபரப்பியதைத்தான் பார்க்க முடியும். ஊர் எல்லையைத் தாண்டினால் அதுவும் புள்ளி புள்ளியாகிவிடும்.

வீடியோ கோச் பேருந்தில் இரவுப் பயணம் போன தமிழர்களுக்கு இந்த அவஸ்தை வேறு விதத்தில் பழக்கம். கேசட்டைத் தேர்ந்தெடுப்பது டிரைவர் அல்லது கிளீனர். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் பேருந்து மொத்தத்துக்கும் ஒரே படம், ஒரே சத்தம்.

1988-இல் அதே சோனியின் ‘வீடியோ வாக்மேன்’ வந்தது. எட்டு மில்லிமீட்டர் கேசட், மூன்று அங்குல வண்ணத் திரை. நாம் தேர்ந்தெடுத்த படத்தை நாம் போகும் வழியில் பார்ப்பதென்ற பழக்கத்துக்கு அதையே பிறந்த தேதியாக வைத்துக்கொள்ளலாம். சிக்கல் என்னவென்றால், பத்துப் படம் வேண்டுமென்றால் பத்து கேசட்டைச் சுமக்க வேண்டும். பத்து வருடம் கழித்து, 1998-இல், பானசோனிக் கையடக்க டிவிடி பிளேயரைக் கொண்டுவந்தபோதும் கேசட் தட்டாக மாறியதே தவிர சுமை தீரவில்லை. 2004 டிசம்பரில் ஜப்பானில் வெளியான பிளேஸ்டேஷன் போர்ட்டபிள், யூஎம்டி என்று சொந்தமாக ஒரு குட்டித் தட்டோடு வந்தது. ஏற்கெனவே டிவிடியாக வாங்கிய படத்தை, வேறெந்தக் கருவியிலும் ஓடாத தட்டில் மறுபடி காசு கொடுத்து வாங்க யார் வருவார்கள்? படத் தட்டாக அது நிலைக்கவில்லை.

திரை எப்போதோ தயார். காத்துக்கொண்டிருந்தது சேமிப்புக்காகத்தான். ஒரு சின்னக் கணக்குப் போடலாம். டிவி தரத்தில் இரண்டரை மணி நேரப் படத்தைச் சுருக்காமல் அப்படியே எழுதிவைத்தால் சுமார் 186 ஜிபி ஆகும். அதை 700 எம்பி குறுந்தகட்டுக்குள் அடக்கினார்கள். எப்படி? கதாநாயகி ஜன்னலோரம் நின்று பேசுகிறாள். பின்னால் சுவர் அசைவதில்லை. அசையாத சுவரை விநாடிக்கு 25 முறை எழுதிவைப்பானேன்? ஒரு சட்டகத்தை முழுதாக எழுதிவிட்டு, அடுத்து வருபவற்றில் மாறியதை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். கண்ணுக்குத் தெரியாத நுணுக்கங்களையும் கழித்துவிடலாம். எம்பெக் முறைகளின் சாரம் இதுதான்.

இப்படிச் சுருங்கிய படங்களை ஏற்றிக்கொள்ள, 2002-இல் பிரெஞ்சு நிறுவனமான ஆர்க்கோஸ் 20 ஜிபி ஹார்ட் டிஸ்க் வைத்த கையடக்கப் பெட்டி ஒன்றைச் செய்தது. திரை ஒன்றரை அங்குலம்தான், இருபது வருடம் முந்திய வாட்ச்மேனைவிடச் சிறியது! ஆனால் 700 எம்பி படங்கள் 28 அதற்குள் அடங்கும். ஒரு அலமாரியே பைக்குள் வந்த மாதிரி. 2005 அக்டோபரில் ஆப்பிள் தன் ஐபாடிலும் வீடியோவைச் சேர்த்தது. 30 ஜிபி மாடலில் வீடியோ ஓடும் நேரம் இரண்டு மணிதான் என்று அவர்களே சொன்னார்கள். நம் ஊர்ப் படம் முடிவதற்குள் சார்ஜ் தீர்ந்துவிடும்.

சுழலும் தட்டே வேண்டாம் என்று ஆக்கியது ஃபிளாஷ் நினைவகம். தோஷிபாவில் ஃபூஜியோ மசுவோகாவும் சக பொறியாளர்களும் 1980-களில் உருவாக்கியது. அதன் வழி வந்த மைக்ரோ எஸ்டி கார்டு 2005-இல் அந்தப் பெயரைப் பெற்றது. நீளம் 15 மில்லிமீட்டர், அகலம் 11. பிறகுதான் நம் ஊர் செல்போன் கடைகளில் ‘மெமரி கார்டில் பாட்டு, படம் ஏற்றித் தரப்படும்’ என்ற பலகைகள் முளைத்தன. நடிகர் வாரியாக, இசையமைப்பாளர் வாரியாக ஃபோல்டர் பிரித்து வைத்திருந்த அந்தக் கடைப் பையன்கள்தான் நமக்குத் தொகுப்பாசிரியர்கள். படைத்தவர்களுக்கு ஒரு பைசா போகவில்லை, அதனால் அது திருட்டுத்தான். ஆனாலும் பயணத்துக்கென்று படம் பொறுக்கி எடுத்துவைக்கும் வழக்கத்தை ஊர் ஊராகப் பரப்பியவர்கள் அவர்களே.

2014 டிசம்பரில் இந்தியாவில் யூடியூப் தன் வீடியோக்களை இறக்கிவைக்க அனுமதித்தது. 2016 நவம்பர் 30 அன்று நெட்ஃபிளிக்ஸும் அதே வசதியைத் தந்தது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் ஆப்பில் இறங்கும் படம் கெடு வைத்த இரவல். சில, பார்க்கத் தொடங்கிய 48 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். உரிமம் முடிந்தால் இறக்கிவைத்ததும் போய்விடும். எதைப் பார்ப்பது என்ற முடிவில் பாதி மறுபடியும் நிலையத்துக்கே போய்விட்டது என்பேன். நீண்ட பயணம் கிளம்பும் முன், போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, இறக்கிவைத்த ஒவ்வொரு படத்தையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.