தோட்டமும் தாமானும்

எங்கள் தோட்டப் பள்ளியில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளின் முகவரி விவரங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்று இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. தந்தையார் ஒருவர், தம் மகனின் முகவரியில் 'தோட்டம்' என்றிருந்த சொல்லை அடித்துவிட்டு, பக்கத்திலுள்ள புதிய குடியிருப்பின் பெயரை எழுதி 'தாமான்' என்று முடித்திருந்தார்.

"தம்பி, நீங்கள் இன்னும் லயத்து வீட்டில்தானே இருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"ஆமாம் சார். ஆனால் பையன் நாளைக்கு இடைநிலைப் பள்ளிக்குப் போனால் தோட்டத்துப் பிள்ளை என்று ஒதுக்குவார்கள். இப்போதே மாற்றிவிட்டால் நல்லதல்லவா?" என்றார் அவர்.

அவரைக் குறைகூற எனக்கு வாயில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்த முதல் நாள், "எந்த ஊர்?" என்று அறைத் தோழர் கேட்டபோது, "பாரிட் புந்தார்" என்றேன். பட்டணத்திலிருந்து பல மைல் உள்ளே தள்ளியிருந்த தோட்டத்தின் பெயரை நான் வாய்விட்டுச் சொல்ல ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. பால்வெட்டிப் படிக்க வைத்த பெற்றோருக்கு அந்த ஓராண்டும் நான் செய்தது துரோகமென்றே இன்று எண்ணுகின்றேன்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 'தாமான்' என்னும் மலாய்ச் சொல்லுக்குப் பொருள் பூங்கா, தோட்டம் என்பதே. ஆங்கிலத்திலோ ரப்பர் தோட்டத்திற்கும் வீடமைப்புப் பகுதிக்கும் 'எஸ்டேட்' என்ற ஒரே சொல் வழங்குகின்றது. ஆகவே அத்தந்தையார் ஒரு தோட்டத்தை அடித்துவிட்டு இன்னொரு தோட்டத்தை எழுதினார். பொருள் மாறவில்லை, மதிப்பு மாறிவிட்டது. அம்மதிப்பை ஏற்றியும் இறக்கியும் வைத்தவர் யாவர்? வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

மேட்டில் துரை, பள்ளத்தில் லயம்

குடியிருக்கும் இடத்தை வைத்து மனிதனை எடைபோடும் வழக்கம் பட்டணத்துப் பணக்காரர் கண்டுபிடித்ததன்று. அதன் முழு உருவத்தையும் நம் முன்னோர் தோட்டத்திலேயே கண்டுவிட்டனர். குன்றின் மேல் பெரிய துரையின் பங்களா; சற்றுக் கீழே சின்ன துரையின் வீடு; அதற்கும் கீழே கிராணிமார் வீடுகள்; பிறகு கங்காணி, மண்டோர்; யாவற்றுக்கும் அடியில், ஆற்றோரத்திலோ சதுப்பிலோ, தொழிலாளர் லயம். ஒருவருடைய சம்பளத்தை அறிய வேண்டுமாயின் அவருடைய வீட்டுப் படிகளை எண்ணினாற் போதும்.

இந்த மேடு பள்ளம் வீட்டோடு நிற்கவில்லை, சாலைக்கும் வந்தது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. அதை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர் பத்திரிகையாளரான ஆர். எச். நாதன். தொழிலாளர் கோரிக்கைகளுள் கூலி உயர்வும் பிள்ளைகளுக்குக் கல்வியும் பெண்களின் மானத்திற்குப் பாதுகாப்பும் இருந்தன. அவற்றோடு, துரைமார் முன்னும் தோட்டத்து உத்தியோகத்தர் முன்னும் சைக்கிளிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமையும் கேட்கப்பட்டது. அரசு நாதனைக் கைது செய்து நாடு கடத்திற்று. படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர்.

துரையின் முன் மட்டுமன்று, கிராணியின் முன்னும் இறங்க வேண்டியிருந்தது என்பதை வாசகர்கள் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன். அந்தக் கிராணியும் பெரும்பாலும் நம்மைப் போன்று கடல் கடந்து வந்தவரே. மேலே இருப்பவனைப் பார்த்துக் கீழே இருப்பவனை இகழும் பாடம் நமக்குள் இறங்கிய வழி இதுவே.

பங்சாரின் பழங்கதை

இப்போது கோலாலம்பூருக்குச் செல்வோம். இன்று அந்நகரில் பங்சார் என்றால் வசதியுள்ளோர் வாழும் பகுதி என்று சிறு பிள்ளையும் சொல்லும். ஜாலான் தெலாவியில் வரிசை வரிசையாகக் காப்பிக் கடைகளும் உணவகங்களும் உள்ளன. புக்கிட் பண்டாராயா மேட்டில் பெரிய பெரிய வீடுகள். "பங்சாரில் இருக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், அதற்குப் பிறகு அவருடைய தொழிலைக் கேட்பாரில்லை.

அந்தப் பங்சார் ஒரு ரப்பர்த் தோட்டம். பெயரும் தோட்டத்தின் பெயரே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மோட்டார் வண்டிச் சக்கரங்களுக்காக உலகமெங்கும் ரப்பருக்கு விலை ஏறிய காலத்தில், ஐரோப்பிய மூலதனம் கோலாலம்பூரைச் சுற்றிய காடுகளில் பாய்ந்தது. எட்வார்ட் புங்கே, அல்ஃபிரட் கிரிசார் என்னும் இரு ஐரோப்பிய வணிகர்களின் குடும்பப் பெயர்களை இணைத்து 'புங்கே-கிரிசார்' தோட்டம் என்றனர். அது நாளடைவில் 'புங்சார்' எனக் குறுகி, பின்னர் 'பங்சார்' ஆயிற்று. பழைய ஆங்கில வரைபடங்களில் புங்சார் என்னும் எழுத்துக்கூட்டலை இன்றும் காணலாம்.

அத்தோட்டத்தில் மரம் வெட்டியவர்களும் பால் சுமந்தவர்களும் பெரும்பாலும் தமிழர். பக்கத்திலிருந்த பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் இரயில்வேத் தொழிலாளர் குடியிருந்தனர். இன்னொரு பக்கம் பங்சார் சாலையில் மின்சார நிலையம் இருந்தது. ஆக, இந்த வட்டாரம் முழுதும் உழைப்பாளிகள் வாழ்ந்த இடமே.

நாடு விடுதலை பெற்றபின் தலைநகரம் பெருகிற்று. ஓர் ஏக்கர் மரம் தரும் பாலைவிட, அதே ஏக்கரில் கட்டும் வீடுகள் பன்மடங்கு ஆதாயம் தந்தன. 1960களின் இறுதியிலிருந்து பங்சாரில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. முதலில் வந்தவர்கள் ஆசிரியர், அரசாங்க எழுத்தர் போன்ற நடுத்தர மக்கள். பின்னர் நிலத்தின் விலை ஏற ஏற, வழக்கறிஞர், வங்கி அதிகாரி, அயல்நாட்டு நிறுவனத்தார் என்று படி உயர்ந்தது. வாடகை உயர்ந்தது, மளிகைக் கடை இருந்த இடத்தில் அலங்காரக் கடை வந்தது. பழைய மக்கள் ஒவ்வொருவராக நகரத்தின் ஓரத்திற்கு நகர்ந்தனர்.

இது பங்சாருக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1964ஆம் ஆண்டில் ருத் கிளாஸ் என்னும் சமூகவியல் அறிஞர், லண்டன் மாநகரின் தொழிலாளர் பேட்டைகளில் மேல்வகுப்பார் புகுந்து, பழைய வீடுகளைப் புதுக்கி, பழைய குடிகள் வெளியேறும்வரை அப்பகுதியின் இயல்பையே மாற்றிவிடுவதைக் கண்டு அதற்கு ஒரு புதுப் பெயரிட்டார். தமிழில் அதனைச் 'சீமான் குடியேற்றம்' எனலாம். லண்டனில் பழைய வீட்டுச் சுவராவது நின்றது. பங்சாரிலோ மரமும் லயமும் போயின. பெயர் மட்டும் நின்றது.

பெயரைக் கடன் வாங்கிய ஊர்

பெயருக்கு விலை உண்டு என்பதைக் காட்டும் அடுத்த கதையும் அருகிலேயே உள்ளது. கூட்டரசு நெடுஞ்சாலைக்குத் தெற்கே கம்போங் கெரிஞ்சி என்றோர் ஊர் உண்டு. சுமாத்திராவின் கெரிஞ்சிப் பகுதியிலிருந்து வந்த மக்களால் அமைந்த பெயர் அது. அதே கெரிஞ்சியிலிருந்து வந்தவர்தாம் பழைய கோலாலம்பூரின் முன்னோடிகளுள் ஒருவரான அப்துல்லா ஹுக்கும். அவருடைய பெயர் தாங்கிய கம்பத்தின் இடத்தில் இன்று வானளாவிய கட்டடங்கள் நிற்கின்றன. இரயில் நிலையம் ஒன்று அவர் பெயரைச் சுமந்து கொண்டிருக்கிறது.

2000க்குப் பிந்திய முதற் பத்தாண்டில் கெரிஞ்சியில் பெரிய வணிக வளாகமும் அடுக்குமாடி வீடுகளும் எழுந்தபோது, கட்டியவர்கள் அதற்குக் 'கெரிஞ்சி' என்று பெயர் சூட்டவில்லை; 'தெற்கு பங்சார்' என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயரைச் சூட்டினர். ஏழைக் கம்பத்தின் பெயரில் வீடு விலைபோகாது என்று எண்ணினார்கள் போலும்! 2018ஆம் ஆண்டில் லெம்பா பந்தாய் நாடாளுமன்ற உறுப்பினர் ஃபாமி ஃபாட்சில் பழைய பெயரை மீட்க வேண்டுமென்று வலியுறுத்தியபோது அது நாடறிந்த பேச்சாயிற்று.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கெரிஞ்சி என்பது ஒரு மக்களின் பூர்விகத்தைச் சொல்லும் பெயர். பங்சார் என்பது இரு முதலாளிகளின் பெயரை ஒட்டவைத்த கூலித் தோட்டத்தின் பெயர். கெரிஞ்சி தாழ்ந்தது, பங்சார் உயர்ந்தது என்று சொல்ல வரலாற்றில் இடமேயில்லை.

கோயில் மணியும் கார் நிறுத்தமும்

சில ஆண்டுகளுக்கு முன் பாரிட் புந்தாரில் இரயிலேறிக் கோலாலம்பூரிலுள்ள என் அண்ணன் மகள் வீட்டிற்குச் சென்றிருந்தேன். பழைய குடியிருப்பு ஒன்றை ஒட்டிப் புதிதாக எழுந்த அடுக்குமாடியில் பன்னிரண்டாம் மாடி. அன்று மாலை குடியிருப்போர் கூட்டம். என்னையும் உடனழைத்துச் சென்றாள். கோயில் மேளம் காலையில் தூக்கத்தைக் கெடுக்கிறதாம். கீழேயுள்ள ஒட்டுக்கடையின் எண்ணெய்ப் புகை மேலே வருகிறதாம். பழைய வீட்டார் சாலையோரம் துணி காயப்போடுவதால் கட்டடத்தின் மதிப்புக் குறைகிறதாம். கூட்டம் முடிந்து கீழே தேநீர் குடிக்கச் சென்றேன். அங்கே மறுபாதிக் குறைகளைக் கேட்டேன். அடுக்குமாடிக்காரர்களின் கார்கள் வாசலை அடைத்துக்கொள்கின்றன. மழை பெய்தால் தண்ணீர் எல்லாம் கீழே வருகிறது. ஒரு வெள்ளிக்குக் குடித்த தேநீர் இன்று எவ்வளவு என்று பாருங்கள் என்றார் ஒரு முதியவர்.

வீடு திரும்பியதும், "அம்மா, அந்தக் கோயில் எப்போது கட்டியது?" என்று மகளைக் கேட்டேன்.

"தெரியாது சித்தப்பா. நாங்கள் வருவதற்கு முன்பே இருந்தது," என்றாள். சொல்லிவிட்டுத் தானே சிரித்துவிட்டாள். அவளுடைய பாட்டி பால் வாளி தூக்கியவர் என்பதை நான் நினைவூட்டத் தேவையிருக்கவில்லை.

புதியவர்களின் குறைகள் அனைத்தும் பொய்யென்று நான் கூற வரவில்லை. இரவுப் பணி முடித்து வந்தவருக்கு உறக்கம் வேண்டும்; கைக்குழந்தைக்கு அமைதி வேண்டும். ஒலிபெருக்கியைச் சற்றுத் தணித்தால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். ஆனால் "சத்தம் மிகுதி" என்பது குறை. "இந்த மாதிரி ஆட்கள்" என்பது இகழ்ச்சி. முன்னதைப் பேசித் தீர்க்கலாம். பின்னது கூட்டத்துக்குக் கூட்டம் வளரும்.

நம்மவரையும் விட்டுவிடலாகாது. இன்று பல தோட்டங்களில் லயத்து வீடுகளில் இருப்பவர்கள் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் ஆவர். தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்த நம் மக்கள் சிலர், அவர்களுடைய சமையல் வாடையைப் பற்றியும் அவர்கள் கூடி நின்று பேசுவதைப் பற்றியும் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். கிராணிமார் நம் தாத்தாக்களைப் பற்றிச் சொன்ன அதே சொற்கள். சைக்கிளிலிருந்து இறங்கியவனின் பேரன், இன்னொருவன் இறங்க வேண்டுமென்று எதிர்பார்க்கிறான்!

பெயருக்கு அடியில் நிலம்

இகழ்ச்சி மனத்தை நோகச் செய்வதோடு நின்றால், பொறுத்துக்கொள்ளலாம். அது மனிதனை அப்புறப்படுத்துவதை எளிதாக்குகிறது என்பதே அஞ்சத்தக்கது. "அங்கே இருப்பவர்கள் தோட்டத்து ஆட்கள்தாமே" என்று ஒருமுறை எண்ணிவிட்டால், அவர்களை எங்கே அனுப்புவது என்பது சில்லறை வேலையாகிவிடும்.

1950களில் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, பல தலைமுறை உழைத்த குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தன. லயத்து வீடு வேலைக்குக் கிடைத்த வீடு; வேலை போனால் கூரையும் போகும். இதனைக் கண்டு, எங்கள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள், தொழிலாளர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு தோட்டங்களை வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். நிலம் கையில் இல்லாதவனுக்கு மரியாதையும் நிலைக்காது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஆயினும் எல்லாத் தோட்டங்களையும் சங்கம் வாங்கிவிட இயலவில்லை. புக்கிட் ஜாலில் என்றவுடன் 1998ஆம் ஆண்டுக் காமன்வெல்த் விளையாட்டுக்காகக் கட்டிய தேசிய அரங்கமே உலகுக்கு நினைவு வரும். அதுவும் ஒரு ரப்பர்த் தோட்டமே. அங்கு எஞ்சியிருந்த தொழிலாளர் குடும்பங்கள், சுற்றிலும் மாளிகைகள் எழுந்தபின், வீடு கட்டிக்கொள்ள 4 ஏக்கர் நிலம் கேட்டுப் போராடியது 2011ஆம் ஆண்டில் செய்தியாயிற்று. காட்டை அழித்து ஊராக்கியவர்கள், அந்த ஊரிலேயே இடையூறு எனக் கருதப்பட்டனர்.

எங்கள் கிரியான் வட்டாரத்திற்கும் இதே வரலாறுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே கரும்புத் தோட்டங்கள் இருந்தன. கரும்பு வெட்டத் தமிழர் வந்தனர். கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இப்போது செம்பனை போகும் இடங்களில் தாமான் வருகிறது. பயிர் மாறும்போதெல்லாம் மண்ணைப் பண்படுத்தியவன் பெயர் மறைந்து போகிறது. தோட்டமே இல்லாத இடங்களிலும் 'லாடாங்' என்ற அடைமொழியோடு நிற்கும் தமிழ்ப் பள்ளிகள் சிலவே அவர்களுக்கு எஞ்சிய கல்வெட்டு. அப்பெயரையும் நாகரிகத்திற்காக நீக்கிவிடலாம் என்போர் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

அந்தத் தந்தையாருக்குப் பங்சாரின் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்படியானால் எதை எழுதலாம் சார்?" என்றார். "கடிதம் எங்கே வந்து சேருமோ அதை எழுதுங்கள் தம்பி," என்றேன். அடித்ததன் மேல் மீண்டும் 'தோட்டம்' என்று எழுதிக் கையொப்பமிட்டார். மனம் முழுதும் மாறித்தான் எழுதினாரா, தலைமையாசிரியர் சொல்லுக்காக எழுதினாரா என்பதை நானறியேன். அந்தப் பிள்ளை இடைநிலைப் பள்ளிக்குச் செல்ல இன்னும் ஆறு ஆண்டுகள் உள்ளன. அதற்குள் தன் ஊர்ப் பெயரைத் தலைநிமிர்ந்து சொல்ல அவனுக்குக் கற்றுக்கொடுப்பது என் கடமை. அங்கே அவனை எதிர்கொள்ளும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள், தாமானில் வாழும் நம் பெற்றோர்கள்.