பெயரும் கட்டமும்

மனிதன் ஆக்கிய எந்தக் கருவியும் தான் பிறந்த சமுதாயத்தின் முத்திரையைத் தாங்கியே வெளிவருகின்றது. கணக்கு, கொள்வனவு, சம்பளம் முதலியவற்றை ஒருங்கிணைத்து நடத்தும் வணிக மென்பொருளும் இதற்கு விலக்கன்று.

1972இல் ஐ.பி.எம். கம்பெனியை விட்டு விலகிய ஐவர் மேற்கு ஜேர்மனியில் எஸ்.ஏ.பி. நிறுவனத்தைத் தொடங்கினர். பிரித்தானிய ஐ.சி.ஐ. கம்பெனி அந்நாட்டில் நடத்திய நைலோன் தொழிற்சாலையே அவர்களின் முதல் வாடிக்கையாளர். 1992இல் வெளிவந்த அவர்களது ஆர்/3 என்னும் தொகுதி உலகெங்கும் பரவியது. இத்தகைய தொகுதிகளை விற்போர், மிகச் சிறந்த நடைமுறைகள் இவற்றுள் அடங்கியுள்ளன என்றனர். எந்நாட்டு நடைமுறைகள்? யாருக்குச் சிறந்தவை?

சிங்கப்பூர்ப் பொது வைத்தியசாலைகளின் அனுபவம் இவ்வினாக்களைத் தெளிவாக எழுப்பிற்று. அதனை ஆராய்ந்த கிறிஸ்டினா சோவும் உடனாசிரியர் இருவரும் 2000ஆம் ஆண்டில் தம் கட்டுரையை வெளியிட்டனர். அங்கு வந்த மென்பொருள், மேல்நாட்டு வழக்கப்படி தனிப்பெயர், குடும்பப்பெயர் எனக் கட்டம் வகுத்திருந்தது. சீனருக்கோ குடும்பப்பெயரே முதலில் வரும். மலாயர் பலரிடம் குடும்பப்பெயர் இல்லை. 'பின்', 'பிந்தி' என்னும் சொற்களை அடுத்துத் தகப்பன் பெயர் வரும். தமிழருட் பலர் இன்னார் மகன், இன்னார் மகள் என எழுதுவர். சிலர் தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னிடுவர். எப்பெயரை எக்கட்டத்தில் இடுவது? ஒரே நோயாளி இரு பெயரிற் பதியப்பட்டால், அவரது முந்திய நோய்க்குறிப்பு வைத்தியரின் கைக்கு எட்டாது போகலாம்.

இதனைத் தேசியப் பண்பாட்டின் தடை என்று கூறிவிடுதல் எளிது. ஹொஃப்ஸ்டெட என்னும் ஒல்லாந்த அறிஞர், 1967 முதல் 1973 வரை ஐ.பி.எம். ஊழியரிடம் திரட்டிய ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வினாக்கொத்துகளைக் கொண்டு நாடுகளின் பண்பாட்டை எண்களால் அளந்தார், 1980இல் நூலாக்கினார். ஒரே கம்பெனியின் உத்தியோகத்தர் தேசம் முழுவதற்கும் சான்றாயினர். கமக்காரரும் கூலித் தொழிலாளரும் அந்த அளவைக்குப் புறத்தே நின்றனர்.

மரபு என்பதற்காக யாவும் காக்கத்தக்கன என்று நாம் வாதிடவில்லை. மேலதிகாரி மட்டுமே கண்ட கணக்கைப் பலரும் காணச்செய்யும் கருவி வரவேற்கத்தக்கதே. ஆயினும் மாறவேண்டியவர் யார் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பணமே. மென்பொருளைத் திருத்துவதற்கான செலவு கம்பெனியின் ஏட்டில் ஏறும். மக்களை மாறச் சொல்வதற்கான செலவோ எழுதுவினைஞரின் மேலதிக உழைப்பாகவும் நோயாளியின் காத்திருப்பாகவும் கழிந்துவிடும். அதை எவ்வேடும் பதிவதில்லை. ஒரு புதிய முறை புகுத்தப்படும்போது நாம் முதலிற் கேட்கவேண்டியது இந்தப் பதியப்படாத கணக்கையே.