கோழிக்கூட்டின் நூறு வருடக் கதை



மீள்குடியேறிய வீடுகளில் பெண்கள் முட்டைக்கோழி வளர்ப்பது பற்றி ஊரில் இப்போது பேச்சு நடக்கிறது. கம்பிக் கூடா, உமி போட்ட கொட்டிலா, அவிழ்த்து விடுவதா என்பதில்தான் இழுபறி. கூட்டுக்குள் இருந்தால் வருத்தம் வராது என்கிறார் ஒருவர். அடைத்து வைப்பதால்தான் வருத்தமே வருகிறது என்கிறார் இன்னொருவர். வரலாற்றைப் பார்த்தால் இருவர் பக்கமும் பாதி உண்மை இருக்கிறது.

மூத்தம்மாமார் காலத்தில் கோழி பகலில் வளவில் மேய்ந்து, இரவில் மரக்கூட்டில் அடைந்தது. அந்த முறைக்குப் பெரிய எதிரி ராணிகெட் நோய். கோழி தலை தொங்கித் தூங்கும், பச்சையாகக் கழியும், சில நாளில் வளவே வெறுமையாகிவிடும். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் இந்த நோய் அடையாளம் காணப்பட்டது. அடுத்த ஓரிரு வருடத்தில் வட இந்திய மலையூரான ராணிகெட்டிலும் கண்டார்கள். நம் பக்கத்தில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அதே குமாவோன் மலைப்பகுதியில் உள்ள முக்தேசுவர் ஆய்வுகூடத்தில் 1940களில் இதற்குத் தடுப்பு மருந்து உருவானது.

கம்பிக் கூடு முதலாளிகளின் பேராசையில் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முழுக்க அப்படியல்ல. 1920களுக்கு முன் கோழியை வருடம் முழுவதும் உள்ளே அடைத்து வளர்க்கவே முடியாது. வெயில் படாமல் கால் மடங்கி விழுந்துவிடும். விற்றமின் டி பற்றித் தெரிந்து, மீனெண்ணெயைத் தீனியில் கலக்கத் தொடங்கிய பிறகுதான் அது சாத்தியமானது. ஆனால் நெருக்கமாக நிலத்தில் விட்டால் கோழி தன் எச்சத்தையே கிளறித் தின்னும். இரத்தக் கழிச்சலும் குடற்புழுவும் பெருகும். கம்பித் தளத்தில் எச்சம் கீழே விழுந்துவிடுவதால் அந்தச் சுற்று அறுந்தது. அமெரிக்காவில் 1930களிலிருந்து கூடுகள் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

1940களில் அதே அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து ஆய்வாளர்கள் வேறு வழி போனார்கள். அடிக்கடி மாற்றிய புதிய படுக்கையை விட, அள்ளாமல் கிளறிவிட்டு மேலே மேலே போட்ட பழைய படுக்கையில் குஞ்சுகள் குறைவாகச் செத்தன. சிறிது சிறிதாகக் கிருமி உடலில் சேர, குஞ்சுக்கு எதிர்ப்புச் சக்தி வளர்ந்தது. நம் ஊரில் உமி போடுவதும் இந்த முறைதான். ஒரே நிபந்தனை, படுக்கை உலர்ந்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒழுகும் கொட்டிலில் அதே உமி நோய்க் கிடங்காகிவிடும்.

தமிழ்நாட்டின் நாமக்கல் கம்பிக் கூடுகளை வைத்தே முட்டை நகரமானது. நம் நாட்டில் 2022 நெருக்கடியில் தீனி இல்லாமல் பண்ணைகள் படுத்தபோது, 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முதல் 20 இலட்சம் முட்டைகள் வந்தன. அவற்றை முதலில் பேக்கரிகளுக்கு மட்டுமே கொடுத்தார்கள். நன்றாக வெந்தால் கிருமி சாகும் என்பதே கணக்கு.

கூட்டுக்கும் தனி நோய் உண்டு. 1988 டிசம்பரில் பிரித்தானிய இளநிலை சுகாதார அமைச்சர் எட்வினா கறி, நாட்டின் பெரும்பாலான முட்டை உற்பத்தியில் சல்மனெல்லா இருக்கிறது என்று சொல்லி, இரண்டு கிழமைக்குள் பதவி இழந்தார். இந்தக் கிருமி ஓடு உருவாகும் முன்பே, கோழியின் வயிற்றிலேயே முட்டைக்குள் புகும். வெளியே கழுவிப் பயனில்லை. 2004-05இல் ஐரோப்பிய ஒன்றியம் நடத்திய ஆய்வில் கூட்டுப் பண்ணைகளிலேயே சல்மனெல்லா அதிகம் காணப்பட்டது. கூட்டம் பெரிது, தூசி அதிகம், கூட்டின் இடுக்குகளைக் கழுவுவது கடினம், எலியும் குறையாது. பிரித்தானியா அதை அடக்கியது பெரும்பாலும் 1998இலிருந்து கோழிகளுக்குப் போட்ட தடுப்பூசியால். (முட்டைக் கோப்பிப் பிரியர்கள் கவனிக்க: நம் முட்டைக்கு அந்த உத்தரவாதம் இல்லை. வட்டிலப்பம் ஆவியில் நன்றாக அவிவதால் அங்கே பயம் குறைவு.)

வெறுங்கூடுகளை ஐரோப்பா 2012இல் தடைசெய்தது, முக்கியமாகக் கோழியின் நலனுக்காக. ஆனால் 2021 கடைசியில் பறவைக் காய்ச்சல் பரவியபோது, வெளியே மேய்ந்த கோழிகளையும் உள்ளே அடைக்கச் சொல்லி பிரித்தானியாவில் உத்தரவு வந்தது. வலசைப் பறவைகள் வந்திறங்கும் கடல்நீரேரிக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கும் இது தூரத்துக் கதையல்ல.

பத்துப் பதினைந்து கோழி வைக்கும் வீட்டுக்கு என் தெரிவு, மேட்டில் போட்ட உமிக் கொட்டிலும், சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு கிழமை தனியாக வைப்பதும்தான். ராணிகெட் மருந்து எந்த முறைக்கும் வேண்டும். அதில்தான் சிக்கல்: ஒரு குப்பியில் நூறு கோழிக்கோ அதற்கு மேலோ மருந்து இருக்கும், கரைத்தால் சில மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஆறு கோழிக்காக ஒருவர் அதைத் திறக்கமாட்டார். ஆகவே உங்கள் வீட்டில் எத்தனை கோழி என்று எனக்கு எழுதுங்கள். எண்ணிக்கை சேர்ந்தால், தெருவுக்கு ஒரே நாளில் போட்டுத்தரும்படி கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்கலாம்.