19 ஆண்டுகள் ஒரேயொரு பெண்: ஒரு மருத்துவச் சங்கத்தின் வரலாறும் எமது நூற்றாண்டும்

எமது பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தரும்படி மலர்க்குழுவினர் கேட்டார்கள். பாடசாலையின் வரலாற்றை எழுத என்னிலும் தகுதியான ஆசிரியைகளும் மூத்த சகோதரிகளும் இருக்கிறார்கள் என்று சொல்லித் தப்பப் பார்த்தேன். "நீங்கள் டொக்டர்தானே, உங்கட துறையைப் பற்றி எழுதுங்கோ" என்று மலராசிரியை விடவில்லை. ஆகவே, ஒரு சங்கம் நூறு ஆண்டுகளைக் கடந்து வாழ்வது எப்படி என்ற கேள்வியை என் தொழிலைச் சேர்ந்த சங்கமொன்றின் வரலாற்றிலே தேடிப் பார்த்தேன். அது பிரித்தானிய மருத்துவச் சங்கம். எமது இலங்கை மருத்துவச் சங்கத்துக்கும் அதுவே தாய்ச் சங்கம்.

அந்த வரலாற்றில் நான் கண்டது இதுதான்: ஒரு சங்கம் பெருகுவது வேறு, புதுப்பிக்கப்படுவது வேறு. இரண்டும் ஒன்றென்று நானும் பல காலம் நினைத்திருந்தேன்.

வூஸ்ரரில் தொடங்கிய சங்கம்

1832 ஜூலை 19 ஆம் திகதி, இங்கிலாந்தின் வூஸ்ரர் நகர வைத்தியசாலையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் கூடினார்கள். கூட்டியவர் அங்கு கடமையாற்றிய டொக்டர் சார்ள்ஸ் ஹேஸ்ரிங்ஸ். அக்காலத்தில் மருத்துவத் தொழிலின் அதிகாரமும் கௌரவமும் லண்டனிலிருந்த கல்லூரிகளிடமே குவிந்திருந்தன. வெளியூர்களில் வேலை செய்த மருத்துவர்களுக்குத் தாம் கண்ட நோய்களைப் பற்றி ஒருவரோடொருவர் பேச இடமில்லை. எனவே 'மாகாண மருத்துவ, சத்திரசிகிச்சைச் சங்கம்' என்ற பெயரில், லண்டனுக்கு வெளியே உள்ளவர்களுக்கென்றே இச்சங்கம் தொடங்கப்பட்டது. ஓரத்தில் விடப்பட்டவர்கள் தமக்கென்று அமைத்த சங்கம் அது என்பதை நாம் மறக்கக்கூடாது. பின்னால் வரப்போவதை விளங்கிக்கொள்ள அது உதவும்.

ஹேஸ்ரிங்ஸ் செய்தவை எளிமையானவை. ஆண்டுக் கூட்டத்தை ஒரே நகரத்தில் கட்டிப்போடாமல் ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு நகரத்தில் நடத்தினார்கள். கிளைகள் அமைத்தார்கள். 1840 இல் ஒரு சஞ்சிகை வெளிவரத் தொடங்கியது. கூட்டத்துக்கு வரமுடியாத கிராமத்து மருத்துவரின் வீட்டுக்குச் சங்கம் தபாலில் போய்ச் சேர்ந்தது. பத்து ஆண்டுகளில் அங்கத்தவர் தொகை 1,350 ஆயிற்று. 1856 இல் 'மாகாண' என்ற சொல்லை விட்டுப் பிரித்தானிய மருத்துவச் சங்கம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பயிற்சி பெற்ற மருத்துவரைப் போலி வைத்தியரிடமிருந்து பிரித்தறிய ஒரு பதிவேடு வேண்டுமென்று ஹேஸ்ரிங்ஸும் நண்பர்களும் நெடுங்காலம் உழைத்தார்கள். 1858 ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டம் அதை நிறைவேற்றியது.

1866 இல் ஹேஸ்ரிங்ஸ் காலமானார். அதே ஆண்டில் சங்கத்தின் சஞ்சிகைக்கு ஏர்னெஸ்ற் ஹார்ட் என்ற கண்வைத்தியர் ஆசிரியராக நியமிக்கப்பட்டார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அதை நடத்தினார். அவர் பொறுப்பேற்றபோது சங்கத்தில் சுமார் 2,000 பேர். அவர் காலத்தின் முடிவில் சுமார் 19,000 பேர். 20 பக்கச் சஞ்சிகை 64 பக்கமாயிற்று. தொழில் செய்திகளோடு அவர் நின்றுவிடவில்லை. பணம் வாங்கிக்கொண்டு பிறர் குழந்தைகளை வளர்ப்பதாகச் சொல்லி அவற்றைச் சாகவிட்ட கொடுமையைச் சஞ்சிகையில் அம்பலப்படுத்தினார். அதனாலெழுந்த கிளர்ச்சி 1872 இன் குழந்தைப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வழிவகுத்தது. ஒரு நல்ல காரியத்தில் தமக்கும் பங்குண்டு என்று தோன்றினால் மனிதர் சங்கத்தில் சேருவார்கள், சேர்ந்தவர்கள் விலகமாட்டார்கள்.

இதுவரை படித்தால் இது வெற்றிக் கதை. ஆனால் அந்த 19,000 என்ற எண்ணுக்குள் இன்னொரு கதை இருக்கிறது.

திறந்து மூடிய கதவு

எலிசபெத் கரெற் அண்டர்சன் 1865 இல் லண்டன் அப்போதிக்கரிகள் சபையின் பரீட்சையில் தேறி மருத்துவரானார். அவர் தேறியதும் அச்சபை, தனிப்பட்ட முறையில் படித்தவர்கள் இனிப் பரீட்சை எழுத முடியாதென்று விதியை மாற்றிவிட்டது. வேறு எவ்வழியிலும் பெண்களுக்கு மருத்துவக் கல்வி கிடைக்காத காலம் அது. அவர் சோர்ந்துவிடவில்லை. பிரெஞ்சு மொழி கற்று 1870 இல் பாரிஸில் எம்.டி. பட்டம் பெற்றார். 1872 இல் பெண்களுக்கென்று பெண்களே நடத்தும் வைத்தியசாலையை லண்டனில் தொடங்கினார். 1873 இல் பிரித்தானிய மருத்துவச் சங்கத்தின் பாடிங்ரன் கிளை அவரை அங்கத்தவராகச் சேர்த்துக்கொண்டது. பெண்ணைச் சேர்க்கக்கூடாதென்று யாப்பில் எழுதப்பட்டிருக்கவில்லை. அப்படி ஒருத்தி வருவாளென்று எவரும் நினைத்திராததே அதற்குக் காரணம்.

1875 இல் எடின்பரோவில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் அவர் ஒரு கட்டுரை வாசித்தார். அதன்பின் எதிர்ப்புக் கிளம்பியது. 1876 இல் பிரித்தானியப் பாராளுமன்றம், பெண்களுக்கு மருத்துவ அனுமதி வழங்கலாமென்று சட்டமியற்றியது. நாட்டின் சட்டம் கதவைத் திறந்த இரண்டே ஆண்டுகளில், 1878 இல் பாத் நகரில் கூடிய சங்கம் பெண்களை அங்கத்தவராகச் சேர்ப்பதில்லை என்று விதி செய்தது. ஒருகாலத்தில் லண்டன்காரர் தம்மை மதிக்கவில்லையென்று மனம் நொந்து கூடியவர்களின் சங்கம்தான் இந்த விதியைச் செய்தது.

அந்த விதி பின்னோக்கிச் செல்லாதபடியால் அவரை மட்டும் வெளியேற்ற முடியவில்லை. 1873 முதல் 1892 வரை 19 ஆண்டுகள், ஆயிரக்கணக்கான ஆண்கள் இருந்த அச்சங்கத்தில் அவர் ஒருவரே பெண். விலகியிருக்கலாம். அவருக்குச் சொந்தமாக வைத்தியசாலை இருந்தது; 1883 முதல் பெண்களுக்கான லண்டன் மருத்துவப் பாடசாலையின் பீடாதிபதியாகவும் இருந்தார். ஆயினும் அங்கத்துவத்தை அவர் விடவில்லை. 1892 இல் நொற்றிங்ஹாமில் கூடிய ஆண்டுக் கூட்டம் அந்த விதியை நீக்கியது. சில ஆண்டுகளில் கிழக்கு அங்கிலியாக் கிளை அவரையே தலைவராகத் தெரிவுசெய்தது.

காலக்கணக்கை ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். ஹார்ட்டின் சஞ்சிகையால் சங்கம் ஆயிரம் ஆயிரமாய்ப் பெருகிய அதே ஆண்டுகளிலேதான் பெண்களுக்குக் கதவு மூடியிருந்தது. அங்கத்தவர் பதிவேட்டை மட்டும் பார்த்தால் சங்கம் செழிப்பாக இருந்தது. எவருடைய பெயர்கள் அதில் இல்லை என்பதைப் பதிவேடு சொல்லாது.

எங்கள் கரையில்

அந்தப் பதினான்கு ஆண்டுகளின் நடுவே, 1887 இல், சங்கத்தின் இலங்கைக் கிளை கொழும்பில் உருவானது. பெண்களைச் சேர்ப்பதில்லை என்ற தாய்ச் சங்கத்தின் விதி நடப்பிலிருந்த காலத்திலேயே எமது கிளை பிறந்தது. 1892 இல் அங்கே விதி நீங்கிய அதே ஆண்டு, 1870 இல் தொடங்கப்பட்ட கொழும்பு மருத்துவக் கல்லூரி மாணவியரை முதன்முதலாக அனுமதித்தது. அவர்களுள் ஒருவரான அலிஸ் டி போவர் 1899 இல் மருத்துவரானார்.

1896 இல் கனடாவிலிருந்து வந்த டொக்டர் மேரி இரட்ணத்தையும் இங்கு நினைக்க வேண்டும். யாழ்ப்பாணத் தமிழரான எஸ். சி. கே. இரட்ணத்தை மணந்ததால் அவரை அனுப்பிய மிஷன் அவரை ஏற்க மறுத்தது. ஒரு கதவு மூடியதும் அவர் பல கதவுகளைத் திறந்தார். 1927 இல் தொடங்கிய பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தில் முன்னின்றார். 1930களின் தொடக்கத்தில் லங்கா மஹிளா சமிதியை உருவாக்கி, கிராமத்துப் பெண் கொழும்புக்கு வரவேண்டுமென்று காத்திராமல் கிராமங்களிலேயே சமிதிகளை அமைத்தார்.

இலங்கைக் கிளை 1951 இல் தனித்துவமான இலங்கை மருத்துவச் சங்கமாகி, 1972 இல் நாட்டின் ஆங்கிலப் பெயர் மாறியபோது தன் ஆங்கிலப் பெயரையும் மாற்றிக்கொண்டது. 2015, 2016, 2017 ஆகிய மூன்று ஆண்டுகளும் அதன் தலைமையை அடுத்தடுத்துப் பெண்களே வகித்தார்கள்: பேராசிரியர் ஜெனிபர் பெரேரா, டொக்டர் இயந்தி அபேவிக்கிரம, பேராசிரியர் சந்திரிகா விஜேரத்ன. தாய்ச் சங்கத்துக்கோ முதற் பெண் தலைவர் கிடைத்தது 1979 இல், டேம் ஜோசபின் பார்ன்ஸ். விதியை நீக்கி 87 ஆண்டுகளுக்குப் பிறகு. விதியை அழிக்க ஒரு கூட்டம் போதும், பழக்கத்தை அழிக்க ஒரு தலைமுறையும் போதாது.

நான் வெட்டிய பெயர்கள்

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்தேனென்றால் பொய்யாகும். சில ஆண்டுகளுக்கு முன், எமது பிரதேசத்து மருத்துவர் சங்கமொன்றுக்கு நான் செயலாளராக இருந்தேன். பொறுப்பேற்றதும் பதிவேட்டைச் 'சுத்தம்' செய்தேன். மூன்று வருடச் சந்தா நிலுவையிலுள்ளோர் நீக்கப்படலாமென்பது யாப்பு. கடிதம் அனுப்பினேன், பதில் வராதவர்களின் பெயர்களைச் சிவப்புப் பேனையால் வெட்டினேன். ஆண்டறிக்கையில் அதைச் சாதனையாகவும் எழுதினேன்.

சில மாதங்களின் பின் வாட்டில் ஒரு இளைய மருத்துவரைச் சந்தித்தேன். எம் பாடசாலைப் பிள்ளை. "அக்கா, என்ர பேரையும் வெட்டிப்போட்டீங்களாம்" என்று சிரித்தபடிதான் சொன்னாள். பிறகு சிரிக்கவில்லை. "கூட்டம் எப்பவும் இரவு எட்டு மணிக்கு. பிள்ளையை ஆரிட்ட விட்டிட்டு வாறது? மூண்டு வருசமா நான் ஏன் வரேல்லை எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. சந்தாவைத்தான் கேட்டீங்கள்."

வீட்டுக்கு வந்து பதிவேட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். நான் வெட்டிய பெயர்களில் பெரும்பாலானவை பெண்களுடையவை. பாத் நகரத்தில் கூடியவர்கள் கைகளை உயர்த்தி ஒரு விதி செய்தார்கள். நான் விதி எதுவும் செய்யவில்லை. கூட்ட நேரத்தை மாற்றாமல் இருந்தேன், அவ்வளவுதான். பலன் ஒன்றே.

அடுத்த செயற்குழுவில் கூட்டத்தைச் சனிக்கிழமை பிற்பகலுக்கு மாற்ற வேண்டுமென்று கேட்டேன். மண்டபத்துக்குப் பக்கத்து அறையைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கினோம். பிரசவ விடுமுறைக் காலத்துக்குச் சந்தா வேண்டாமென்று தீர்மானித்தோம். இரண்டு மாதத்துக்கொரு முறை கூட்டத்தை வெளி வைத்தியசாலைகளில் நடத்தினோம். எல்லாருக்கும் இது பிடிக்கவில்லை. சனி பிற்பகல் தனியார் சிகிச்சை நேரமென்பதால் இரண்டு மூத்தவர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் சங்கத்துக்காக உழைத்தவர்கள். அந்த இழப்பு எனக்கு இன்றும் வருத்தம். நீக்கிய எல்லாரும் திரும்பி வரவுமில்லை. ஆனால் வந்தவர்களுள் ஒருத்தி இப்போது அதன் செயலாளர்.

எமது பதிவேடு

எங்கள் சங்கத்துக்கு இன்று கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மண்டபத்துக்குக் கூரை, ஆய்வுகூடத்துக்கு உபகரணம், வறிய மாணவியருக்குப் புலமைப்பரிசில் என்று பாடசாலை கேட்டபோதெல்லாம் தந்திருக்கிறார்கள். நூறாவது ஆண்டில் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அதோடு, யார் எமது பதிவேட்டில் இல்லை என்றும் ஒருமுறை கேட்போம்.

சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவர்கள், "நான் என்னத்தைப் படிச்சுக் கிழிச்சனான், அங்க வர" என்று ஒதுங்கி நிற்கிறார்கள். மின்னஞ்சல் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். ஒன்றுகூடலின் மதியபோசனக் கட்டணத்தைக் கேட்டு மௌனமானவர்கள் இருக்கிறார்கள். இவர்களில் எவரையும் நாம் விலக்கவில்லை. எமது யாப்பிலும் அப்படி எதுவும் இல்லை.

போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து வந்து எம்மோடு ஓர் ஆண்டோ ஆறு மாதமோ மட்டும் படித்துவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் என் வாங்கின் ஓரத்தில் அப்படி ஒருத்தி இருந்தாள். எமது சீருடை தைக்க அவளுக்கு வசதி கிடைக்கவில்லை. வேறொரு பாடசாலையின் கழுத்துப்பட்டியோடு வருவாள். கேத்திர கணிதத்தில் எனக்கு விளங்காததை அவள்தான் சொல்லித் தந்தாள். ஒரு திங்கட்கிழமை வரவில்லை. பிறகு வரவேயில்லை. எந்த வகுப்புப் படத்திலும் அவள் இல்லை. எமது சங்கத்தின் எந்தப் பட்டியலிலும் அவளுடைய பெயரை நான் காணவில்லை.

உலகெங்குமுள்ள என் சகோதரிகளே, நூற்றாண்டுக்கு நிதி கேட்டுச் செயற்குழு உங்களுக்கு எழுதும், தாராளமாகக் கொடுங்கள். நான் கேட்பது வேறொன்று. இம்மலரை மூடி வைப்பதற்கு முன், உங்கள் வகுப்பில் இருந்து எமது பதிவேட்டில் இல்லாத ஒருத்தியின் பெயரை எழுதிச் செயலாளருக்கு அனுப்புங்கள். முடிந்தால் அவளை அழைத்து, இத்தனை காலம் ஏன் வரவில்லை என்றும் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பதில் முடியும்வரை பேசாமலிருங்கள். என் வாங்கின் ஓரத்தில் இருந்தவளின் பெயரை நான் இக்கட்டுரையோடு சேர்த்தே அனுப்பியிருக்கிறேன்.