மலிவும் மதிப்பும்: சுயாதீனக் கணினி விளையாட்டுக்களும் விளையாடுவோர் தீர்ப்பும்

ஒரு பொருளின் விலை வேறு. அதன் மதிப்பு வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குதல் மாந்தரியல்பு. விலை மிக்கது சிறந்ததெனவும் விலை குறைந்தது தாழ்ந்ததெனவும் வாங்குவோர் முதலிற் கொள்ளும் எண்ணம், பொருளைப் பயன்படுத்திப் பார்த்த பின்னர்ப் பலகாலும் மாறிவிடுகின்றது. இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டுவது மலிவு விலைக் கணினி விளையாட்டுக்களின் வரலாறாகும். பெருநிறுவனங்களின் பொருளுதவியின்றித் தனியொருவரோ சிறு குழுவினரோ ஆக்கும் விளையாட்டுக்கள் சுயாதீன விளையாட்டுக்கள் எனப்படும். 'இண்டி' என்பது அவற்றிற்கு வழங்கும் சுருக்கப்பெயர். அவை பெரும்பாலும் விலையிற் குறைந்தன. விளம்பர வலிமையும் அற்றன. ஆதலின், அவற்றை வாழ்விப்பதும் வீழ்த்துவதும் விளையாடியோர் கூறும் கருத்தேயாகும். அக்கருத்து எவ்வாறு தோன்றியது, எவ்வாறு அதிகாரம் பெற்றது, அவ்வதிகாரம் நேர்மையாகச் செலுத்தப்பட்டதா என்னும் வினாக்கள் ஆராயத்தக்கன.

இவ்வரலாற்றின் ஒரு தொடக்கத்தைப் பிரித்தானியாவிற் காணலாம். அந்நாட்டிலே 1982ஆம் ஆண்டில் சின்கிளேர் நிறுவனம் 'ஸ்பெக்ட்ரம்' என்னும் சிறு கணினியை 125 பவுண் முதலான விலைகளில் வெளியிட்டது. அது நடுத்தர மக்களின் இல்லங்களிலும் எளிதிற் புகுந்தது. பள்ளி மாணவர் பலர் தம் வீடுகளிலிருந்தே விளையாட்டுக்களை எழுதத் தொடங்கினர். அவை ஒலிநாடாக்களிற் பதிக்கப்பட்டுப் பெரும்பாலும் 5 முதல் 10 பவுண் வரை விற்கப்பட்டன. இந்நிலையில் 'மாஸ்டர்ட்ரோனிக்' என்னும் நிறுவனம் 1984ஆம் ஆண்டு முதல் ஒரு விளையாட்டை 1.99 பவுணுக்கு விற்க முற்பட்டது. கணினிக் கடைகளில் மாத்திரமன்றிப் பத்திரிகைக் கடைகளிலும் பெற்றோல் நிலையங்களிலும் அந்நாடாக்கள் தொங்கவிடப்பட்டன. சிறுவனொருவன் தன் கைச்செலவுப் பணத்தைக் கொண்டே ஒரு விளையாட்டை வாங்கும் நிலை அதனால் ஏற்பட்டது.

விலை குறைந்ததும் ஐயம் மிகுந்தது. இரண்டு பவுணுக்குக் கிடைப்பது எத்தகையதாக இருக்கும் என்னும் வினாவுக்கு விடை கூறியவை அக்காலப் பத்திரிகைகள். அவற்றுள் லட்லோ என்னும் சிறு நகரிலிருந்து 1984ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய 'கிராஷ்' குறிப்பிடத்தக்கது. அப்பத்திரிகை முதிர்ந்த விமரிசகர்களை மாத்திரம் நம்பவில்லை. அந்நகரின் பள்ளி மாணவரையும் அழைத்து விளையாடச் செய்து அவர்தங் கருத்தைக் கேட்டது. ஒரே விளையாட்டைப் பற்றி மூவர் வெவ்வேறாகக் கூறியவற்றை அடுத்தடுத்து அச்சிட்டது. ஒருவர் புகழ்ந்ததை மற்றவர் இகழ்ந்திருப்பின், அம்முரண்பாட்டை மறையாது வாசகர் முன் வைத்தது. அன்றியும், அது மதிப்பெண் வழங்கிய முறையிலே ஒரு நுட்பம் உண்டு. காட்சியமைப்பு, ஆடுதற்கினிமை, விடாது ஈர்க்குந் தன்மை என்பவற்றுக்குத் தனித்தனியே நூற்று வீதம் வழங்கியதோடு, 'கொடுத்த பணத்துக்கேற்ற பயன்' என்பதற்கும் தனியே ஓர் எண் வழங்கியது. விளையாட்டின் சிறப்பு ஒன்று, அதன் விலைத் தகுதி மற்றொன்று என்னும் வேறுபாடு அங்கே பேணப்பட்டது. மாஸ்டர்ட்ரோனிக் 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பைண்டர்ஸ் கீப்பர்ஸ்' போன்ற சில நாடாக்கள் நன்மதிப்புப் பெற்றபொழுது, மலிவானவை யாவும் மட்டமானவை என்னும் எண்ணம் தளரத் தொடங்கியது.

அமெரிக்காவிலே இக்கொள்கை வேறோர் உருவம் எடுத்தது. அங்கு 1982ஆம் ஆண்டை ஒட்டி, கணினி நிரல்களைப் படியெடுத்துப் பிறர்க்கு வழங்குமாறு ஆக்கியோரே வேண்டிக்கொண்டு, பயன்கண்டவர் விரும்பினாற் பணம் அனுப்பும் வழக்கம் தோன்றியது. 'ஷெயார்வெயர்' எனப்பட்ட இம்முறையை விளையாட்டுக்கேற்பத் திருத்தியவர் ஸ்கொட் மில்லர் என்பார். அவர் தமது 'குரோஸ்' விளையாட்டுத் தொடரை 1987ஆம் ஆண்டில் வெளியிட்டபொழுது, முதற் பாகத்தை இலவசமாகப் பரவவிட்டு, ஏனைய பாகங்களை வேண்டுவோர் பணம் அனுப்பிப் பெறுமாறு செய்தார். அவரது அப்போஜீ நிறுவனம் வெளியிட்ட 'கொமாண்டர் கீன்' 1990ஆம் ஆண்டின் இறுதியில் இவ்வழியே புகழ் பெற்றது. 1993ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் வெளிவந்த 'டூம்' என்னும் விளையாட்டும் முதற் பாகத்தை இலவசமாகத் தந்தே உலகெங்கும் பரவியது. பிரித்தானிய முறையில் வாங்கிய பின்னரே கருத்துப் பிறந்தது. அமெரிக்க முறையிலோ கருத்துப் பிறந்த பின்னரே பணம் கைமாறியது. விளையாடியவன் எழுதிய காசோலையே அவன் எழுதிய மதிப்புரையாயிற்று.

இணையம் பரவிய காலத்தில் இத்தீர்ப்பு வாக்களிப்பாக மாறியது. 'நியூகிரவுண்ட்ஸ்' என்னும் அமெரிக்கத் தளத்திலே 2000ஆம் ஆண்டு முதல் எவரும் தம் சிறு விளையாட்டை வைக்கலாம். பார்வையாளர் அதற்குச் சுழியம் முதல் ஐந்து வரை புள்ளியிடலாம். தொடக்க வாக்களிப்பில் மிகத் தாழ்ந்த புள்ளி பெற்றவை நீக்கப்பட்டன. புலவரவையில் ஒரு நூலை அரங்கேற்றும் மரபை அறிந்தோர்க்கு இஃது ஓரளவு பழகிய காட்சியே. ஆயின், ஆண்டு அவையிலிருந்தோர் கற்றறிந்த சிலர். ஈண்டோ அவைக்குட் புக எவர்க்கும் தடையில்லை.

விலையையே விளையாடுவோர் முடிவுக்கு விட்டால் யாது நிகழும் என்பதை அறியும் வாய்ப்பு 2009ஆம் ஆண்டில் வந்தது. 'வேர்ல்ட் ஒவ் கூ' என்னும் விளையாட்டை இருவர் சேர்ந்து ஆக்கி, 2008ஆம் ஆண்டில் 20 டொலர் விலையில் வெளியிட்டிருந்தனர். அதன் ஓராண்டு நிறைவின்போது, விரும்பிய விலையைக் கொடுத்துப் பெறலாம் என அவர்கள் அறிவித்தனர். ஒரு வாரத்தில் ஏறத்தாழ 57,000 பேர் வாங்கினர். சராசரியாகக் கிடைத்தது இரண்டு டொலரளவே. ஒரு சதம் மாத்திரம் கொடுத்தவரே எண்ணிக்கையில் மிக்கிருந்தனர். இவ்விளைவை ஆக்கியோர் மறையாது வெளியிட்டனர். விளையாட்டை வெறுத்தமையால் அவர்கள் ஒரு சதம் கொடுத்தனர் எனல் பொருந்தாது. வாங்கும் ஆற்றலும் வழக்கமும் மனநிலையும் விலையைத் தீர்மானிக்கின்றன என்பதே இதனாற் பெறப்படும். அடுத்த ஆண்டு இதே முறையிற் சில சுயாதீன விளையாட்டுக்களை ஒருங்கே விற்ற 'ஹம்பிள் இண்டி பண்டில்' பத்து இலட்சம் டொலருக்கு மேல் ஈட்டியது. ஆக்கியோர்க்கும் அறநிலையங்களுக்கும் எவ்வளவு சேரவேண்டும் என்பதையும் வாங்குவோரே வகுத்தனர்.

இவ்வளர்ச்சியின் மிகப் பெரிய கட்டம் 'ஸ்டீம்' என்னும் இணைய விற்பனைத் தளத்தோடு தொடர்புடையது. வால்வ் நிறுவனம் அதனை 2003ஆம் ஆண்டில் தொடங்கியது. எந்தச் சுயாதீன விளையாட்டை விற்பனைக்கு ஏற்பது என்னும் தீர்மானத்தில் விளையாடுவோர்க்கும் பங்களிக்கும் 'கிரீன்லைட்' என்னும் வாக்களிப்பு முறை 2012 முதல் 2017 வரை நிலவியது. அது நீக்கப்பட்ட பின்னர், ஒரு விளையாட்டுக்கு 100 டொலர் கட்டணம் செலுத்துவோர் எவரும் புகக்கூடியதாயிற்று. இதற்கிடையே, 2013ஆம் ஆண்டின் பிற்பகுதியில், வாங்கியோர் தம் கருத்தை எழுதும் வசதி ஏற்பட்டது. அதன் அமைப்பு மிக எளியது: பரிந்துரைக்கின்றேன் என்றோ, பரிந்துரைக்கவில்லை என்றோ ஒன்றைத் தெரிந்து, விரும்பிய அளவு காரணம் எழுதலாம். எழுதியவர் எத்தனை மணி நேரம் விளையாடினார் என்பதும் அருகே காட்டப்படும்.

இம்முறையின் பயன் பெரிது. ஆயின் அதனைப் பிழைபட உணர்வோரும் பலர். 'கிராஷ்' பத்திரிகை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வழங்கினால், அவ்விளையாட்டு மிகச் சிறந்ததென மதிப்பிட்டோர் கருதினர் என்பது பொருள். ஸ்டீமிலே அதே எண் காட்டப்பட்டால், நூற்றுவருள் தொண்ணூற்றைவர் அதனைப் பரிந்துரைத்தனர் என்பதே பொருள். அவர்கள் அதனைப் பெருங்காவியமென எண்ணினரா, கொடுத்த மூன்று டொலருக்கு நட்டமில்லை என எண்ணினரா என்பதை அவ்வெண் கூறாது. நாற்பதாண்டுக்கு முன்னர்ப் பள்ளி மாணவர் பிரித்தறிந்த சிறப்பும் விலைத் தகுதியும் ஈண்டு ஒரே சொல்லிற் கலந்துவிட்டன.

இக்கலப்பினாற் பெரிதும் இன்னலுற்றவை குறுகிய விளையாட்டுக்கள். 2013ஆம் ஆண்டில் வெளிவந்த 'கோன் ஹோம்' வெறுமையான ஒரு வீட்டினுள் நடந்து, கிடக்கும் கடிதங்களையும் பொருள்களையும் பார்த்து ஒரு குடும்பத்தின் கதையை உணரச் செய்வது. விமரிசகர் பலர் அதனைப் போற்றினர். விளையாடியோர் பலரோ, இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிவதற்கு 20 டொலரா எனக் குறை கூறினர். மணிக்கு இவ்வளவு என்று கணக்கிடுவது வாடகைக்கு ஏற்றதாகலாம். கலைக்கு ஏற்றதா என்னும் வினா அன்று எழுந்தது. 2015ஆம் ஆண்டில், வாங்கிப் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருப்பின் பணத்தை மீளப் பெறலாம் என ஸ்டீம் விதித்தது. ஏமாற்றப்பட்டோர்க்கு அது நல்ல பாதுகாப்பே. ஆனால், அவ்வெல்லைக்குள் முடிந்துவிடும் விளையாட்டை முழுவதும் ஆடி, நன்றெனப் புகழ்ந்தும் பணத்தை மீளப் பெற ஒருவரால் இயன்றது. 'சமர் ஒவ் 58' என்னும் குறும்விளையாட்டை ஆக்கியவர், நற்கருத்துக்கள் பல கிடைத்தும் பணம் திரும்பிப் போனமையால் இத்தொழிலைக் காலவரையறையின்றி விட்டு நீங்குவதாக 2021ஆம் ஆண்டில் அறிவித்தார். புகழ்ச்சி வயிற்றை நிரப்பாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

எனினும், மலிவு பழியாகாது உயர்வுக்கு வழியான வரலாறும் உண்டு. இங்கிலாந்தில் வாழும் இத்தாலியரான லூக்கா கலாந்தே என்பார் ஆக்கத் தொடங்கிய 'வம்பயர் சர்வைவர்ஸ்' 2021ஆம் ஆண்டின் இறுதியில், முற்றுப்பெறாத நிலையிலேயே, 2.99 டொலர் விலையில் ஸ்டீமிற்கு வந்தது. அதன் காட்சிகள் பழங்காலத்துச் சிறு படங்கள் போன்றன. விளையாடுவோன் செய்யவேண்டியது பெரும்பாலும் நடந்து திரிதலே. ஆயினும், அதனை வாங்கியோர் மீண்டும் மீண்டும் ஆடினர், பிறர்க்கும் பரிந்துரைத்தனர். 2023ஆம் ஆண்டில், பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகம் சிறந்த விளையாட்டுக்கு வழங்கும் பரிசு அதற்கே கிடைத்தது. 'எல்டன் ரிங்' முதலிய பெரும்பொருட் செலவில் ஆக்கப்பட்டவை அப்போட்டியிற் பின்தங்கின. மூன்று டொலர்ப் பொருளை மூன்று டொலர்ப் பொருளாக மாத்திரம் எடைபோடாத விளையாடுவோரின் வாய்மொழியே அதனை அவ்வுயர்வுக்குக் கொண்டு சென்றது.

அதிகாரம் உள்ள இடத்திலே அதனைக் கெடுக்க முயல்வாரும் தோன்றுவர். இலவசப் படிகள் வழங்கிப் புகழுரை பெறும் வழக்கத்தைத் தடுத்தற்காக, தன்னிடம் நேரே வாங்காதவரின் கருத்தை மொத்தக் கணிப்பிற் சேர்ப்பதை 2016ஆம் ஆண்டில் ஸ்டீம் நிறுத்தியது. களை பிடுங்கப் புகுந்த கை பயிரையும் பிடுங்கியது போல, ஆக்கத்துக்கு முன்னதாகவே பொருளுதவி செய்து படி பெற்ற உண்மை அன்பரின் கருத்தும் அதனாற் கணக்கிலிருந்து நீங்கியது. மேலும், ஆக்கியோர்மீது கொண்ட பிற சினங்களைத் தீர்த்தற்குப் பலர் ஒரே வேளையிற் பாதகமான கருத்துக்களைக் குவிப்பதும் உண்டு. விளையாட்டோடு தொடர்பற்ற அத்தகைய குவியல்களைக் கணிப்பினின்று விலக்கும் விதி 2019ஆம் ஆண்டில் வந்தது.

ஆனால், பாதகமான கருத்துக்கள் ஒருங்கே குவிவதெல்லாம் பகையன்று. அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரச் சிறு குழுவினர் 2025ஆம் ஆண்டு செப்டெம்பரில் 'ஹொலோ நைட்: சில்க்சோங்' என்னும் விளையாட்டை 20 டொலருக்கு வெளியிட்டபொழுது, உலகெங்கும் அது பெரும் வரவேற்புப் பெற்றது, சீன மொழியில் எழுதியோர் மாத்திரம் பெருந்தொகையினராய் எதிர்த்தனர். சீன மொழிபெயர்ப்பு இயல்பின்றிப் பழமைநடை பூண்டு, மூலத்தின் தொனியைக் கெடுத்துவிட்டது என்பது அவர் முறையீடு. கருத்துக்களை மொழிவாரியாகப் பிரித்துக் காட்டும் முறை அதற்குச் சின்னாள் முன்னரே நடைமுறைக்கு வந்திருந்தமையால் அக்குறை தெளிவாகப் புலப்பட்டது. ஆக்கியோரும் திருத்துவதாக உறுதி கூறினர். காரணத்தோடு கூடிய கண்டனம் ஆக்கத்துக்கு உரமாகும் என்பதற்கு இந்நிகழ்ச்சி எடுத்துக்காட்டு.

இன்னுமொரு குறை எஞ்சி நிற்கின்றது, அது மௌனம். 2024ஆம் ஆண்டில் மாத்திரம் ஸ்டீமிற்குப் புதிதாக வந்த விளையாட்டுக்கள் 18,000ஐக் கடந்தன. பத்துப் பேராவது கருத்துரைத்தாலன்றி ஒரு விளையாட்டுக்கு மொத்தக் கணிப்பு அங்கே காட்டப்படுவதில்லை. இகழப்பட்ட விளையாட்டுக்காவது திருந்த வழியுண்டு. எவருமே ஒன்றும் கூறாத விளையாட்டுக்கு அவ்வழியுமில்லை. ஆண்டுக்கணக்காக ஒருவர் தனித்திருந்து ஆக்கியது, பத்துப் பேரின் சொல்லின்றி மறைந்துபோதல் கூடும்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். ஒலிநாடாக் காலந்தொட்டு இன்றுவரை தீர்ப்புக்கூறும் உரிமை சிலரிடமிருந்து பலருக்குப் பரவியது. பரவிய அளவுக்குத் தீர்ப்பின் சொல் சுருங்கியது. மூவர் மூன்று விதமாகக் கூறிய விரிந்த உரை இலட்சம்பேர் இடும் ஒரு குறியாயிற்று. உரிமை பரவியமை நன்றே. அதனாலேதான் மூன்று டொலர் விளையாட்டும் முதற்பரிசு பெற முடிந்தது. ஆயின், அவ்வுரிமையோடு கடமையும் பரவுதல் வேண்டும். தீர்ப்புக்கூறுவோன் பொருளை உள்ளவாறு நோக்கி, சிறப்பு இது, விலைத் தகுதி இது எனப் பிரித்து, காரணங் காட்டிக் கூறுவானாயின், அவன் எழுதும் நான்கு வரியும் ஆக்கியோனுக்குக் கூலியாகும், பின்வருவோர்க்கு வழிகாட்டியுமாகும். சில டொலர் கொடுத்தவனுக்கு அவ்வளவு பொறுப்பு எதற்கு எனலாம். கொடுத்தது சிறிதாயினும், தீர்ப்புக்கு உட்படுவது ஒருவரின் உழைப்பு முழுவதும் என்பதை உணர்ந்தோர் அவ்வாறு வினவார்.