பினாங்கு தமிழ்ப்பள்ளிகள்: மாணவர் எண்ணிக்கை ஏன் குறைகிறது?

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பெரும்பாலானவை தீவில் அல்ல, செபராங் பிறையில். முதலாம் ஆண்டுப் பதிவு வந்தாலே, "பிள்ளைங்க குறைஞ்சுக்கிட்டே போறாங்களே, பள்ளியை மூடிடுவாங்களா?" என்ற கேள்வி கிளம்பிவிடும்.

பெற்றோர் தமிழைக் கைவிட்டதுதான் காரணம் என்று சொல்வது எளிது. ஆனால், முதலில் பிறப்பைப் பாருங்கள். 1970-இல் மலேசியப் பெண் ஒருவருக்குச் சராசரியாக 4.9 பிள்ளைகள், இப்போது இரண்டுக்கும் கீழே. பினாங்கில் இன்னும் குறைவு.

அடுத்தது, பள்ளி இருக்கும் இடம். லாடாங் வால்டோர், லாடாங் பத்து காவான் என்று பள்ளிகளின் பெயரிலேயே தோட்டம் இருக்கிறது. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்காகத் தொடங்கியவை. தோட்டங்கள் சுருங்கின, தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் வந்தன, குடும்பங்கள் வேறு இடம் போய்விட்டன. அதனால்தான் ஒரு பள்ளியில் நாற்காலி காலியாக இருக்க, இன்னொன்றில் வகுப்பறை போதவில்லை.

மாணவர்கள் 150-க்கும் குறைந்தால் அது 'குறைந்த மாணவர் பள்ளி'. இது நிர்வாக வகைப்பாடுதான், மூடும் உத்தரவு அல்ல. மாணவர் உள்ள இடத்துக்குப் பள்ளியையே மாற்றவும் வழியுண்டு. தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்ற வழக்கும் 2024 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றத்தோடு முடிந்துவிட்டது.

சின்னப் பள்ளியில் ஆசிரியரின் கவனிப்பு கூடும். காற்பந்துக் குழுவுக்குத்தான் ஆள் தேட வேண்டும். பதியும் முன் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பக்கம் பள்ளி வேன் வருமா என்றும் கேட்டுவிடுங்கள். பல குடும்பங்கள் பள்ளியைத் தேர்வு செய்வது அதை வைத்துத்தான்.